தீர்த்தமும் தீராத தீர்ப்பும்

இராமேசுவரம் கோயிலுக்குள்ளே 22 தீர்த்தங்கள். அக்கினி தீர்த்தம் என்று பெயர் சூட்டப்பட்ட கடலிலே முழுகி எழுந்து, ஈரத்துணியுடன் உள்ளே சென்று, சீட்டு வாங்கி, கிணற்றுக்குக் கிணறு வாளியால் மொண்டு ஊற்றும் தண்ணீரைத் தலையிலே ஏற்றுக்கொண்டால் போய்விடுமாம் பாவம்! என்ன பாவம் என்று கேட்பாரில்லை. எத்தனை பாவம் என்று எண்ணுவாரில்லை. கலப்படம் செய்து கொழுத்தவர் வருகிறார். கள்ளக் கணக்கு எழுதியவர் வருகிறார். கந்துவட்டியால் குடும்பங்களைக் கெடுத்தவர் வருகிறார். 22 கிணற்று நீரிலும் குளிக்கிறார், தலை துவட்டுகிறார், பிரசாதத்தை மடியிலே முடிந்துகொண்டு, புண்ணியவானாக ஊர் திரும்புகிறார். ‘இவர் முன்னாள் பாவி’ என்று பெயர் எழுதி வைக்கும் பதிவேடு அங்கே கிடையாது.

தலபுராணமே அப்படித்தானே துவங்குகிறது! இராவணனைக் கொன்றதால் ஏற்பட்ட பிரமகத்தி தோஷம் நீங்க இராமன் இலிங்கம் நிறுவி வழிபட்ட இடம் அது என்கிறார்கள். கொன்றவருக்குக் கழுவாய் கிடைத்தது. ஊருக்கு அவர் பெயரும் கிடைத்தது. அந்தக் கதையை நாம் நம்புகிறோமா இல்லையா என்பது வேறு பேச்சு. நம்புகிறவர்களைத்தான் கேட்கிறோம்: கொலைப் பழிக்கும் முடிவு உண்டு, முழுகி எழுந்தவன் புதிய மனிதன் என்று ஒப்புக்கொள்கிறீர்களே, அந்தப் பெருந்தன்மை கோயில் வாயிலைத் தாண்டி வெளியே வராதது ஏன்?

அதே இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு, மதுரை மத்தியச் சிறையிலிருந்து தண்டனைக் காலம் முடிந்து ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாட்டுச் சட்டம் அவனுக்கு ஆறு ஆண்டு என்றது. ஆறு ஆண்டையும் அவன் செலுத்திவிட்டான். கடன் தீர்ந்தது. ஆனால், டீக்கடையிலே பேச்சு நிற்கிறது. பெண் கொடுக்க இருந்தவர் பின்வாங்குகிறார். வேலைக்குப் போன இடத்திலே, ‘பிறகு சொல்லி அனுப்புகிறோம்’ என்கிறார்கள். சொல்லி அனுப்புவதே இல்லை. பக்கத்து ஊரிலே ஆடு காணாமற் போனால், விடியுமுன் அவன் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. பள்ளிக்கூடத்திலே அவன் மகனுக்குச் சொந்தப் பெயர் மறைந்து, ‘கேடி மகன்’ என்ற பெயர் நிலைக்கிறது. இவனுக்கு எந்தக் கிணற்றிலே தண்ணீர்?

நீதிமன்றம் தந்த தண்டனைக்கு முடிவுத் தேதி உண்டு. ஊர் தரும் தண்டனைக்கு இல்லை. அந்தத் தேதியில்லாத் தண்டனைதான் மனிதனைத் திரும்பவும் சிறைக்கு அனுப்புகிறது என்பதே நமது வாதம். அதற்கும் மேலே ஒரு படி சென்று சொல்கிறோம்: அந்தத் தண்டனைக்கு வேர், நாம் நெடுங்காலமாக எதிர்த்துவரும் அதே நச்சு வேர். பிறப்பால் மனிதனை அளப்பது!

ஆத்திரப்படுவோர் கொஞ்சம் பொறுத்திருந்து, இந்த மண்ணின் வரலாற்றைப் பார்க்கட்டும்.

1871-இல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் சொன்ன நியாயம் என்ன? இந்த நாட்டிலே தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. எனவே குற்றவாளி மகன் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது! சீமையிலே திருடனின் மகனைத் திருடன் என்று சட்டம் போட்டு எழுதத் துணியாதவர்கள், இங்கே வந்ததும் துணிந்தார்கள். துணிவைத் தந்தது யார்? மனு! கப்பலேறி வந்தவனுக்குக் கையிலே கொடுக்க நம்மிடம் ஆயத்தமாக இருந்தது வருணாசிரமம். தொழில் பிறப்பால் வரும் என்று நாம் சொல்லிக் கொடுத்தோம். குற்றமும் ஒரு தொழில்தானே என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான். வெள்ளையன் கட்டிய சிறைக்கு வைதிகம் போட்ட அடித்தளம்!

அந்தச் சட்டம் 1911-இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924-இல் மேலும் இறுக்கப்பட்டது. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர்மீதும், முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் வட்டாரத்து ஆப்பநாட்டு மறவர்மீதும், ஊர் ஊராகச் சென்ற குறவர்மீதும், இன்னும் பல சமூகத்தார்மீதும் அது பாய்ந்தது. ‘கைரேகைச் சட்டம்’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தனர். குற்றம் செய்தவனிடம் மட்டும் எடுத்த ரேகை அன்று அது. செய்யாதவனிடமும் எடுத்த ரேகை. காவல் நிலையத்திலே ஆஜர் கொடுக்க வேண்டும். இரவிலே வீட்டிலே மனைவி மக்களோடு படுக்க உரிமையில்லை. காவலர் கண்ணெதிரே படுத்து விடிய வேண்டும். வெளியூர் போக இராதாரிச் சீட்டு வேண்டும். திருடத்தான் வந்தான் என்று ஐயுறத்தக்க இடத்திலே காணப்பட்டான் என்பதற்காகவே சிறைக்கு அனுப்பவும் அந்தச் சட்டத்திலே வழி இருந்தது. குடியிருப்பு என்ற பெயரால் அடைத்து வைக்கவும், குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் இடம் இருந்தது. திருமணத்தன்று இரவு மணமகன் எங்கே? காவல் நிலையத்திலே! தாய் இறந்துகிடக்கும் இரவில் மகன் எங்கே? காவல் நிலையத்திலே! இதற்குப் பெயர் சீர்திருத்தம்!

பணிந்து கிடக்கவில்லை மக்கள். 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது துப்பாக்கி பேசியது. ஒரு பெண் உள்ளிட்டுப் பத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுக்காக நீதிமன்றத்திலே வாதாடியவர் கேரளத்திலிருந்து வந்து மதுரையிலே வாழ்ந்த வழக்கறிஞர் சார்ச் சோசப்பு. ‘ரோசாப்பூ துரை’ என்று அந்த மக்கள் அன்போடு அழைத்தனர் அவரை. இராமநாதபுரத்திலே முத்துராமலிங்கத் தேவர் ஆப்பநாட்டு ஊர்களிலே எதிர்ப்பைத் திரட்டினார். 1934-இல் அபிராமத்திலே மாநாடு கூடிச் சட்டத்தை நீக்கக் கோரியது. கடைசியில் 1947-இல் சென்னை மாகாணத்திலே சட்டம் ஒழிந்தது. இந்தியா முழுமைக்கும் 1952 ஆகஸ்டு 31-இல் ஒழிந்தது. நாடு விடுதலை பெற்ற நேரத்தில், ஏறக்குறைய 1 கோடியே 30 இலட்சம் மக்கள் இந்தச் சட்டத்தின் வளையத்துக்குள் இருந்தனர் என்கிறார்கள். பட்டியலிலிருந்து விடுபட்டோருக்குச் ‘சீர்மரபினர்’ என்ற பெயரும் வந்தது. நல்ல பெயர்!

ஆனால், பெயர் மாறியதும் பார்வை மாறியதா? சட்டத்தை எடுத்த கையின் ஈரம் காயுமுன், 1948-இல் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று மற்றொன்றைச் சென்னை மாகாணம் இயற்றிக்கொண்டது. பரம்பரை போய் வழக்கம் வந்தது; வாசல் மாறியது, வீடு மாறவில்லை! இத்தகைய சட்டங்களை நீக்குங்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் சொன்னது. இன ஒதுக்கலை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு 2007-இல் சொன்னது. சொன்னவர்கள் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

நம் பேச்சிலே புழங்கும் ஒரு சொல்லைப் பாருங்கள். ‘கேடி’ என்கிறோம். கேடு செய்பவன் கேடி என்று தமிழ்ச்சொல்லாகவே எண்ணிக்கொண்டிருப்போர் பலர். அது காவல் நிலையப் பதிவேட்டின் இரண்டு ஆங்கில எழுத்துகள். தெரிந்த கொள்ளையன் என்று பொருள்படும் இரண்டு சொற்களின் முதலெழுத்துகள். நிலையத்திலே எழுதிய சுருக்கக் குறி தெருவுக்கு வந்து, வசையாகி, நகைச்சுவையாகி, திரைப்படத்திலே பாத்திரத்தின் பட்டப்பெயருமாகி, வீட்டிலே குறும்பு செய்யும் குழந்தையைச் செல்லமாகத் திட்டும் சொல்லாகவும் ஆகிவிட்டது. முத்திரை எத்தனை ஆழம் இறங்குகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ‘திருடினான்’ என்பது ஒருவன் செய்த செயல், முடிந்துபோன வினைச்சொல். ‘கேடி’ என்பதோ பெயர்ச்சொல். வினைக்குக் காலம் உண்டு. பெயருக்குக் காலம் இல்லை. ‘நீ இதைச் செய்தாய்’ என்பது நீதி. ‘நீ இதுதான்’ என்பது அநீதி. இலக்கணம் அறிந்த நாட்டாருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா!

அன்று கட்டைவிரல் ரேகை. இன்று? 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் நடைமுறை அடையாளங்காணல் சட்டப்படி விரல் ரேகை, உள்ளங்கை ரேகை, பாத ரேகை, கருவிழிப் படம், உடற்கூறு மாதிரிகள் வரை எடுக்கலாம். எடுத்தவற்றை 75 ஆண்டுகள் பாதுகாக்கலாம். 20 வயதிலே பிடிபட்டவனுக்கு 95 வயது வரை! ஆயுள் தண்டனை பெற்றவனும் ஒரு நாள் வெளியே வருவான். அவன் கண்ணின் படம் வெளியே வராது. நன்னடத்தைக்குப் பிணை கேட்கும் பழைய 110-ஆம் பிரிவு, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலே 129-ஆம் பிரிவு என்ற புது எண்ணோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வழக்கிலே ஐயத்தின் பயனை அளித்து நீதிமன்றம் விடுவித்தாலும், காவலர் வேலைக்கு விண்ணப்பித்தவன் வழக்கிலே தொடர்புடையவனாகவே கருதப்படுவான் என்று தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதியிலே எழுதி வைத்திருக்கிறார்கள். நீதிமன்றம் ‘போ’ என்றாலும் பதிவேடு ‘நில்’ என்கிறது!

சிறைக்குள்ளேயாவது சாதி இல்லாமல் இருந்ததா? அங்கேயும் இருந்தது. சிறை விதிகள் பலவற்றிலே, யார் சமைப்பது, யார் பெருக்குவது என்பதைச் சாதி தீர்மானித்தது. பட்டியல் நீக்கப்பட்ட சமூகத்தாரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் விதிகளும் இருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கிலே, 2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம் இவை அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தை அழிக்கச் சொன்னது. நமது பாளையங்கோட்டைச் சிறையிலே மோதலைத் தடுக்க என்று சொல்லிச் சாதிவாரியாகப் பிரித்து வைத்த வழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு ஏற்க மறுத்தது. பெரியார் பிறந்த நாட்டிலே, சிறைக் கொட்டடியிலிருந்து சாதியை நீக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே! வெட்கப்பட வேண்டியது சிறையதிகாரி மட்டுந்தானா?

“அதெல்லாம் சரி ஐயா! திருடினவன் திருடினவன்தானே? நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்று கேட்பர் பழமொழிப் பண்டிதர்கள். நாய் வாலைப் பற்றி நாம் வாதாடவில்லை. மனிதனைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்காவிலே பாசுடன் நகரத்துப் பகுதியிலிருந்து, குற்றம் புரிந்து சீர்திருத்தப் பள்ளிக்குச் சென்ற 500 சிறுவர்களைப் பற்றிக் குளூயெக் இணையர் ஆய்வு செய்து வைத்திருந்தனர். அந்தக் குறிப்புகளைத் தேடி எடுத்து, அந்தச் சிறுவர்கள் 70 வயதுக் கிழவர்களாகும் வரை என்ன ஆனார்கள் என்று சான் லாபு, இராபர்ட் சாம்சன் என்ற இருவர் தொடர்ந்து பார்த்தனர்; 2003-இல் முடிவை நூலாக்கினர். வயது ஏற ஏற எல்லா வகையினரிடமும் குற்றம் குறைந்தது! திருப்பத்தை உண்டாக்கியவை எவை? நிலையான வேலை, நல்ல இல்லறம், பழைய கூட்டத்தை விட்டுப் பிரிந்த புதிய சூழல். இரத்தத்திலே எழுதியிருந்தால், வேலைச் சீட்டு அதை எப்படி அழித்தது? தலையிலே எழுதியிருந்தால், தாலி கட்டியதும் எழுத்து எப்படி மாறியது?

இங்கிலாந்திலே இலிவர்பூல் நகரத்திலே சாட் மருனா என்ற ஆய்வாளர், குற்றத்தைக் கைவிட்டவர்களையும் கைவிடாதவர்களையும் நேரிலே கண்டு பேசி, 2001-இல் நூல் வெளியிட்டார். இரு சாராரும் ஒரே விதமான வறுமையிலே, ஒரே விதமான தெருவிலே வளர்ந்தவர்கள். வேறுபாடு எங்கே? தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் கதையிலே! ‘நான் உள்ளுக்குள் நல்லவன், அது நானல்ல, நான் பட்ட வழி, இனி நான் பிறருக்குப் பயன்படுவேன்’ என்று சொல்ல முடிந்தவன் மீண்டான். ‘என் வாழ்வு அப்போதே எழுதப்பட்டுவிட்டது, இனி என்ன’ என்று எண்ணியவன் மீளவில்லை. அதாவது தலைவிதியை நம்பியவன் குற்றத்திலே தங்கினான். தன் அறிவை நம்பியவன் வெளியே வந்தான்! பகுத்தறிவுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? ஆனால் ஒன்று. அந்தப் புதிய கதையை அவன் ஒருவனாகச் சொல்லி நிலைநிறுத்த முடியாது. கேட்பதற்கு ஓர் ஊர் வேண்டும். ‘ஆம், நீ மாறிவிட்டாய்’ என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய்தான் இங்கே ‘கேடி’ என்கிறது.

இன்னொன்று. 2001-இல் மில்வாக்கி நகரத்திலே தேவா பேசர் என்ற அம்மையார், ஒத்த தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிலர் சிறை சென்றவர்கள்போல விண்ணப்பத்தில் காட்டினர், சிலர் காட்டவில்லை. குற்றப்பதிவு இல்லாத வெள்ளையரை 100-க்கு 34 முதலாளிகள் திரும்ப அழைத்தனர். பதிவு உள்ள வெள்ளையரை 17 பேர். குற்றப்பதிவு இல்லாத கறுப்பரை? 14 பேர்! பதிவு உள்ள கறுப்பரை 5 பேர். கவனியுங்கள் தோழர்களே! குற்றமே செய்யாத கறுப்பன், குற்றம் செய்த வெள்ளையனுக்கும் கீழே. பிறவியே அங்கே குற்றப்பதிவு! அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நிறத்தால் நடப்பது, வைகைக்கரையிலே சாதியால் நடக்கிறது. காவலர் வந்து நிற்கும் தெரு எது, வராத தெரு எது என்பதை உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். நகை காணாமற் போனால் முதலில் யார் குடிசைக்குச் செல்கிறார்கள்? குறவர் குடிசைக்கு! கோடிக்கணக்கிலே வங்கிப் பணம் காணாமற் போனால், அந்தச் சாதியார் அத்தனை பேரையும் நிலையத்துக்கு வரச் சொல்கிறார்களா?

குற்றம் இரத்தத்திலே இல்லை என்பதை இராமேசுவரம் கடலே நமக்குக் கற்றுத் தருகிறது. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிக் கடற்கரையிலே தலைமுறை தலைமுறையாக முக்குளித்துக் கடல் அட்டை எடுத்தவர்கள் உண்டு. அது தொழில், அது சோறு. 2001-இல் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலே சேர்த்தார்கள். நேற்று முக்குளித்தவன் உழைப்பாளி. இன்று அதே கடலிலே அதே மூச்சடக்கி முக்குளித்தவன் குற்றவாளி! தனுசுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீர். அந்தக் கரையிலே உரிமம் பெற்று எடுத்தால் அது வாணிபம். இந்தக் கரையிலே எடுத்தால் சிறை. உயிரினங்களைக் காக்க வேண்டும் என்பதிலே நமக்கு மறுப்பில்லை. அழிந்துபோகும் கடலில் மீனவனுக்கு என்ன மிஞ்சும்? நாம் கேட்பது, மாற்றுத் தொழிலைக் கொடுக்காமல் மாற்றுப் பெயரை மட்டும் கொடுப்பது என்ன நீதி என்பதுதான். தொழிலாளி என்ற பெயரைப் பறித்தார்கள். கடத்தல்காரன் என்ற பெயரைச் சூட்டினார்கள். ஒருமுறை பிடிபட்டவனுக்குக் கரையிலே வேறு வேலை தருவார் இல்லை. வேலை தருகிறவர் யார்? உண்மையான கடத்தல் முதலாளி! மாளிகையிலே இருக்கும் அவர் பெயர் பதிவேட்டிலே ஏறுவதில்லை. வத்தையிலே சென்றவன் பெயர் இறங்குவதில்லை. முத்திரை, குற்றத்தைத் தடுப்பதற்குப் பதிலாகக் குற்ற முதலாளிக்குக் கூலியாள் பிடித்துத் தரும் தரகு வேலையைச் செய்கிறது!

2024 செப்டம்பரிலே இலங்கைச் சிறையிலிருந்து இராமேசுவரத்து மீனவர் சிலர் மொட்டையடிக்கப்பட்ட தலையோடு திரும்பியபோது, தமிழ்நாடு கொதித்தது. கொதித்தது சரி! மனிதன் தலையிலே அவமானத்தை எழுதி அனுப்ப எந்த அரசுக்கும் உரிமையில்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: அன்னியன் மழித்த தலையிலே மயிர் முளைத்துவிடும். நாமே நம்மவன் நெற்றியிலே எழுதும் எழுத்து எப்போது அழியும்? அதற்குக் கொதிப்பவர் எங்கே?

இனி, கசப்பான மருந்து. மற்றவரைச் சாடியது போதும். நம் தெருவைப் பார்ப்போம்.

காவல் நிலையம் ஒருவனைப் ‘பிறவிக் குற்றவாளி’ என்றது. அதற்கு எதிர்ப்பாக நம் இளைஞன் கையிலே என்ன கொடுத்திருக்கிறோம்? ‘பிறவி வீரன்’ என்ற சீட்டு! ஆண்ட பரம்பரை, அடங்காத பரம்பரை, வாளெடுத்த பரம்பரை! அடிதடி வழக்கிலே சிறை சென்று திரும்புகிறவனைச் சாதிச் சங்கத்தார் மாலையோடு எதிர்கொள்கிறார்கள். வேட்டுச் சத்தம், சுவரொட்டி, ‘சிறை மீண்ட சிங்கமே’ என்று வரவேற்பு. ஊர் அவனுக்கு வேலை தர மறுத்தது. சாதி அவனுக்கு அரிவாள் தர முன்வந்தது. ஒருபுறம் வசை, மறுபுறம் மாலை. அவனோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறான். வசை சொல்கிறது: ‘நீ மாறமாட்டாய்.’ மாலையும் அதையே சொல்கிறது: ‘நீ மாறிவிடாதே!’ குடும்பத்தோடு உழைத்து உண்ண நினைத்தவன் கோழை ஆகிறான். பழிக்குப் பழி வாங்கியவன் மானமுள்ளவன் ஆகிறான். அந்த மாலை கழுத்திலே ஏறிய நாளிலேதான் அவனுடைய இரண்டாவது வழக்கு தொடங்குகிறது.

பிறப்பால் தாழ்ந்தவன் என்பதும் பொய், பிறப்பால் உயர்ந்தவன் என்பதும் பொய் என்று பேசுகிற நாம், பிறப்பால் திருடன் என்பதை மறுத்துவிட்டுப் பிறப்பால் வீரன் என்பதை ஒப்புக்கொள்ள முடியுமா? இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். எந்த முனையால் கட்டினாலும் கட்டப்படுகிறவன் அதே ஏழைதான். சாதித் தலைவர் மகன் சென்னையிலே படிக்கிறான். சுவரொட்டி ஒட்டியவன் மகன் வாய்தாவுக்கு அலைகிறான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. முத்திரை குத்தப்பட்டவர்களே பிறருக்கு முத்திரை குத்துகிறார்கள். ‘எங்களைக் குற்றப் பரம்பரை என்றானே வெள்ளையன்’ என்று நெஞ்சு குமுறுவோரிலே சிலர், தம் ஊர்ச் சேரித் தோழனைப் பிறப்பால் கீழானவன் என்று எண்ணத் தயங்குவதில்லை. 1957 செப்டம்பரிலே பரமக்குடியிலே இமானுவேல் சேகரனார் வெட்டிக் கொல்லப்பட்டதும், முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்ததும் இந்த மண்ணின் வரலாற்றிலே ஆறாத புண். ரேகைச் சட்டத்தின் வலியை அறிந்த மண், தீண்டாமையின் வலியை அறிந்திருக்க வேண்டாமா? தன் முதுகிலே பட்ட சாட்டையைப் பிடுங்கி எறிவது விடுதலை. அதைப் பிடுங்கி அடுத்தவன் முதுகிலே வீசுவது விடுதலையா?

“குற்றவாளிக்காக இத்தனை கண்ணீரா? பறிகொடுத்தவன் கண்ணீரை யார் துடைப்பது?” என்பார் உண்டு. நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்வோம். தண்டனையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெட்டுண்டவன் மனைவிக்கும், பொருளை இழந்த கூலிக்காரனுக்கும் நீதி வேண்டும். இழப்புக்கு ஈடும் வேண்டும். தீர்ப்பு உறுதியாக வரட்டும், விரைவாக வரட்டும், பணக்காரனுக்கும் அதே தீர்ப்பு வரட்டும். ஆனால், தண்டனை முடிந்த மறுநாள் முதல் அவனை விரட்டுவதால், பறிகொடுத்தவனுக்கு ஒரு காசாவது திரும்புகிறதா? விரட்டப்பட்டவன் மீண்டும் திருடினால், பறிகொடுப்பவன் மற்றொரு ஏழை. குற்றம் குறைய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவன், குற்றவாளி குற்றத்தை விட்டு வெளியேறும் வழியை அகலமாகத் திறந்து வைப்பான். வழியை அடைத்துவிட்டு, ‘பார், திரும்பவும் உள்ளேயே இருக்கிறான்’ என்று சிரிப்பது அறிவுடைமை ஆகாது.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை நாம். இங்கிலாந்திலே 1974-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள்: குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தவனுடைய பழைய தண்டனை, பல வேலைகளைப் பொறுத்தவரை செலவாகிப் போனதாகக் கருதப்படும், அவன் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே சிறுவர்களுக்கு அந்த நீதி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, கொடுங்குற்றங்களில் சில விலக்குகள் நீங்கலாக, சட்டத்தோடு முரண்பட்ட சிறுவன் அதனால் தகுதி இழக்கமாட்டான், உரிய காலத்துக்குப் பின் அவன் பதிவுகள் அழிக்கப்படும் என்கிறது. 1936-லேயே நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டம் செய்து, சிறைக்கு அனுப்பாமலே திருத்த வழிகண்டது சென்னை மாகாணம். தமிழ்நாட்டுச் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையங்களிலே சிறைவாசிகள் வண்டிகளுக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள், காசு வாங்கிக் கணக்கு ஒப்படைக்கிறார்கள். உள்ளே இருக்கும்போது காசுப் பெட்டியை நம்பி ஒப்படைக்கிறோம். வெளியே வந்ததும் கல்லாப் பக்கமே வராதே என்கிறோம். இது என்ன கணக்கு!

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. 1948-இன் வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தை அடியோடு நீக்குக! காவல் நிலையச் சரித்திரப் பதிவேட்டிலே பெயர் ஏற்றுவதற்குக் காரணம் எழுதப்பட வேண்டும். அந்தக் காரணம் அவனிடம் தெரிவிக்கப்பட வேண்டும். குறித்த ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால், பெயர் தானாகவே நீங்க வேண்டும். ஐயத்தின் பயனால் விடுதலையானவனை விடுதலையானவன் என்றே வேலை விதிகள் ஏற்க வேண்டும். செலவாகிப் போன தண்டனையைக் கேட்காதே என்று தமிழ்நாட்டிலே சட்டம் வேண்டும். அட்டை எடுத்தவனுக்கும், பாசி எடுத்தவளுக்கும், வழக்குப் போடுமுன் மாற்றுத் தொழில் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை இவை. அரசாணைக்குக் காத்திராமல் நாம் செய்ய வேண்டியவை வேறு உண்டு. கடை வைத்திருக்கும் தோழர், சிறை மீண்டவன் ஒருவனுக்கு வேலை கொடுங்கள். வீடு வைத்திருக்கும் தோழர், அவன் குடும்பத்துக்கு வாடகைக்கு இடம் கொடுங்கள். ஆசிரியத் தோழர், அவன் பிள்ளையைச் சொந்தப் பெயரால் அழையுங்கள். வகுப்பிலே வேறு பெயர் எழுந்தால் அங்கேயே அடக்குங்கள். படிப்பகம் நடத்தும் தோழர், அவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கள், அவனை உறுப்பினராக்குங்கள், ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். சாதிச் சுவரொட்டியிலே உங்கள் பெயரைப் போட விடாதீர்கள். போட்டால், அழிக்கச் சொல்லி மறுநாளே கேளுங்கள். நள்ளிரவிலே குறவர் குடிசையிலிருந்து ஒருவனை இழுத்துப் போனால், வழக்கறிஞர் ஒருவரோடு விடியுமுன் நிலையத்துக்குப் போங்கள்.

இளைஞர்களே! சேதுச் சீமையிலே வானம் பொய்க்கிறது, கண்மாய் வறள்கிறது, சீமைக் கருவேலம் மண்டுகிறது. பிழைப்புத் தேடி இளைஞர் ஊரை விட்டு ஓடுகிறார்கள். இந்த வறுமையைத் துடைக்காமல் குற்றத்தைத் துடைக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால், வறுமையைத் துடைக்கும் வரை காத்திருந்தால், ஒரு தலைமுறையே பதிவேட்டுக்குள் போய்விடும். மனிதன் செய்தது எதுவோ அதற்கு மட்டும் அவன் பொறுப்பாளி. பிறந்தது எங்கே என்பதற்கு அல்ல. செய்தது முடிந்து, செலுத்த வேண்டியது செலுத்தப்பட்ட பிறகு, அவன் இந்த நாட்டின் முழுக் குடிமகன். பாதிக் குடிமகன் என்று ஒருவன் கிடையாது. அந்த உரிமையை அவனுக்கு மீட்டுத் தருவது இரக்கம் ஆகாது, பகுத்தறிவாளரின் கடமை. கடமையைத் தொடங்குக, இன்றே, உங்கள் தெருவிலேயே!